தடம் படித்த கண்கள்

பாம்புத்தோல் வணிகத்துக்குத் தடை வந்தபோது, பாம்பு பிடித்து வாழ்ந்த செங்கல்பட்டு வட்டார இருளர் பழங்குடியினரின் வீடுகளில் அடுப்பு அணைந்தது. மண்ணில் கிடக்கும் தடத்தைப் பார்த்தே எந்த வளையில் எந்தப் பாம்பு என்று சொல்லும் அறிவு மட்டும் அவர்களிடம் மிஞ்சியது. எவ்வளவு பெரிய படிப்பு அது! அதை மதித்து பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கர் துணைநிற்க, 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில், நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகியவற்றைக் கொல்லாமல் நஞ்செடுத்து மீண்டும் காட்டில் விடும் புதுத்தொழிலை வளர்ந்தவர்களே கற்றார்கள். அந்த நஞ்சிலிருந்துதான் பாம்புக்கடிக்கு மருந்து தயாராகிறது. தொழிற்பயிற்சி நடத்துவோரே, வருகிறவரிடம் முதலில் "உங்களுக்கு என்ன தெரியும்?" என்று கேளுங்கள். அந்தத் தடம் படிக்கும் அறிவோடுதான் இருளர்களான வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2017இல் புளோரிடா சென்று மலைப்பாம்பு பிடித்தார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது.