மூணு வருசம் ஆடியவர்

போன பொங்கலுக்குச் சிவகிரியில் எங்கள் தெருப் பையன்கள் விளையாட்டுப் போட்டி நடத்தினார்கள். செத்துப்போன என் தாய்மாமன் பேரில் சுழற்கோப்பை. நோட்டீஸ் எழுதித் தரச்சொல்லி என்னிடம் வந்தார்கள். 'குத்துச்சண்டை மாவீரர்' என்று தலைப்பை அவர்களே முடிவு செய்திருந்தார்கள். எழுத உட்கார்ந்தபோது, கல்லூரியில் படிக்கிற ஒருவன் கேட்டான்: "அண்ணே, மாமா மெட்ராஸ்ல மூணு வருசந்தான ஆடுனாரு? அவரைப் போயி மாவீரர்னு போட்டா மேலத்தெருக்காரன் சிரிக்க மாட்டானா?"

மற்றவர்கள் அவன்மேல் பாய்ந்தார்கள். எனக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. மேலத்தெருக்காரன் சிரிப்பான் என்பதற்காக அல்ல. கேள்வி நியாயமானது. கொஞ்ச காலமே களத்தில் நின்றவனைப் பெரிய வீரன் என்று சொல்லலாமா?

நெடுநாள் ஆடினவன்தான் பெரியவன் என்ற அளவுகோலை முதலில் பார்ப்போம். நெடுநாள் ஆட என்னென்ன வேண்டும்? வயிறாரச் சோறு, அடிபட்டால் வைத்தியம், ஒரு சண்டைக்கும் அடுத்த சண்டைக்கும் நடுவில் உடம்பு தேறும்வரை வேலைக்குப் போகாமல் இருக்க வசதி, சண்டை பேசி ஏற்பாடு செய்ய ஒரு ஆள். இத்தனையும் வாய்த்தவனுடைய காலம் நீள்கிறது. அப்படியானால் வருசக் கணக்கு வீரத்தை மட்டும் அளக்கவில்லை, வாய்ப்பையும் சேர்த்தே அளக்கிறது. பந்தயத்தில் பாதித் தூரம் முன்னால் நிறுத்தப்பட்டவனுக்குப் பரிசு கொடுத்துவிட்டு, ஓட்டத்தை அளந்தோம் என்று சொல்வது மாதிரிதான் இது.

சரி, வருசத்தைத் தள்ளி வைப்போம். வேறு எதை வைத்து அளப்பது? யாரோடு மோதினான், மோதினபோது என்ன செய்தான் என்பதை வைத்துத்தான். மெக்சிகோவின் சல்வடார் சாஞ்செஸ் 1980 பிப்ரவரியில் உலகப் பட்டம் வென்றான். 1982 ஆகஸ்டில் கார் விபத்தில் செத்துப்போனான். வயது 23. பட்டத்தோடு இருந்தது இரண்டரை வருசம். அதற்குள் ஒன்பது முறை பட்டத்தைக் காத்தான். அதுவரை தோல்வியே காணாத வில்ஃப்ரெடோ கோமஸை வீழ்த்தினான். பின்னாளில் உலகச் சாம்பியனான அசுமா நெல்சனைச் சாவதற்கு மூணு வாரம் முன்னால் வீழ்த்தினான். கியூபாவின் தியோஃபிலோ ஸ்டீவன்சன் காசுக்கு ஒரு சண்டைகூடப் போட்டதில்லை. 1972, 1976, 1980 என்று மூன்று ஒலிம்பிக்கிலும் தங்கம். தொழில்முறைக் கணக்குப் புத்தகத்தில் அவன் பேருக்கு நேரே பூஜ்யம். இவர்களைச் சின்னவர்கள் என்று எவனாவது சொல்வானா?

ஆனால் 'யாரோடு மோதினான்' என்ற அளவுகோலிலும் ஒரு கண்ணி இருக்கிறது. மோத விடாதவனை என்ன செய்வது? 1882 முதல் 1892 வரை சாம்பியனாக இருந்த ஜான் எல். சல்லிவன், கறுப்பரோடு மோதமாட்டேன் என்று பகிரங்கமாகவே சொன்னான். பீட்டர் ஜாக்சன் என்ற கறுப்பு வீரன் அவனுக்காகக் காத்துக் கிடந்தே காலத்தைத் தொலைத்தான். அந்த ஜாக்சன் 1891இல் ஜேம்ஸ் கார்பெட்டோடு 61 சுற்று நின்று ஆடினான். முடிவு யாருக்கும் இல்லை. மறுவருசம் சல்லிவனை வீழ்த்திப் பட்டத்தைப் பறித்தது அதே கார்பெட்தான். 1908இல் ஜாக் ஜான்சன் வந்து நிறச்சுவரை உடைத்தான். உடைத்தவனும் பட்டம் கைக்கு வந்தபின் சாம் லாங்ஃபோர்டு போன்ற கறுப்பு வீரர்களுக்குப் பட்டச் சண்டை கொடுக்காமல் ஒதுங்கினான். வெள்ளையனோடு மோதினால்தான் காசு. நம்மில் ஒருவன் மேலே ஏறியதும் ஏணியைத் தூக்கிக்கொள்கிற கதை நமக்கும் தெரியாததில்லை.

நம் நாட்டுக்கு வருவோம். பல்வங்கர் பாலு, சமார் சாதியில் பிறந்த பந்துவீச்சாளர். முதல்தரக் கிரிக்கெட்டில் அவர் ஆடியதாகப் பதிவானவை 33 ஆட்டங்கள்தாம். எடுத்தது 179 விக்கெட். 1911இல் இங்கிலாந்துக்குப் போய் நூறு விக்கெட்டுக்கு மேல் சாய்த்தார். அவர் கைபட்ட பந்தை மேல்சாதிக்காரன் தொட்டான். தேநீர் மட்டும் அவருக்கு வெளியே, மண் குவளையில். இந்து அணிக்குத் தலைவராக ஆக்கவே இல்லை. அதற்கு முன்னால் புனாவில் மைதான வேலைக்காரனாக நின்று வெள்ளைக்காரர்களுக்குப் பயிற்சி வலையில் ஆயிரக்கணக்கில் பந்து போட்டாரே, அது எந்தக் கணக்கில் ஏறியது? 33 என்பது பாலுவின் உழைப்பை அளந்த எண் அல்ல. அவருக்குத் திறந்துவிட்ட கதவின் அகலம் அது.

வடசென்னையில் எண்ணே கிடையாது. சார்பட்டா, இடியாப்ப நாயக்கர் என்று பரம்பரை பரம்பரையாக மோதினார்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களும் மீன்பிடித்தவர்களும் சாயங்காலம் கையுறை மாட்டினார்கள். கித்தேரி முத்து டெர்ரியைச் சாய்த்த கதை இன்றைக்கும் வாயில்தான் வாழ்கிறது. 2021இல் ஒரு சினிமா வந்த பிறகுதான் ஊர் உலகத்துக்கு அப்படி ஒரு உலகம் இருந்ததே தெரிந்தது.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, அப்படியானால் மாமாவும் மாவீரர்தான் என்று முடித்திருந்தால் பையன்கள் கைதட்டியிருப்பார்கள். என்னால் முடியவில்லை.

மாமா 80களில் மூட்டை தூக்கப் போனவர். பகலில் சுமை, ராத்திரியில் பயிற்சி. சரிந்த மூட்டை வலது கையை நசுக்கியது. முதலாளி கொடுத்தது பஸ் சார்ஜ். ஊருக்கு வந்து எலுமிச்சைத் தோட்டத்தில் கூலிக்கு நின்றார். ஒருநாள் நானே அவரிடம் கேட்டேன், நீங்க பெரிய பாக்சரா மாமா என்று. சிரித்தார்.

"பதினோரு சண்டை போட்டேன் மருமவனே. நாலு தோத்தேன். பெரிய ஆளு எவனோடயும் என்னைய விடல. விட்டிருந்தா அடிச்சிருப்பனா, அடி வாங்கியிருப்பனா, எனக்கே தெரியாதே. தெரியாததை எப்படிச் சொல்லச் சொல்லுத?"

சாஞ்செஸும் பாலுவும் கிடைத்த கொஞ்ச நேரத்தில் நிரூபித்தார்கள். அவர்களை வருசக் கணக்கு காட்டிக் குறைப்பது அயோக்கியத்தனம். மாமாவுக்கு நிரூபிக்கிற இடமே கிடைக்கவில்லை. அவருக்கு நடந்தது அநீதி. அநீதிக்கு ஆளானதாலேயே ஒருவர் மாவீரர் ஆகிவிடமாட்டார். பட்டத்தைக் கொடுத்து நாம் கணக்கை நேர்செய்துவிட்டால், அந்தக் கையை நசுக்கியவன் தப்பித்துக்கொள்கிறான். கேட்க வேண்டிய கேள்வி அப்படியே அமுங்கிப் போகிறது. பொய்ப் பெருமை அவன் தந்த பஸ் சார்ஜ் மாதிரிதான், தோழர்களே. கொடுத்து அனுப்பிவிட்டு மறந்துவிடலாம்.

'மாவீரர்' என்பதை அடித்தேன். பையன்கள் முகம் சுருங்கியது. பதிலுக்கு இப்படி எழுதிக் கொடுத்தேன்: 'குத்துச்சண்டை வீரர். பதினோரு சண்டை, ஏழு வெற்றி. மூட்டை விழுந்து கை போகும்வரை ஆடினார்.'

கேள்வி கேட்டவன் அதை வாங்கி இரண்டு தடவை படித்தான். "இதுக்குச் சிரிக்க மாட்டான்ணே" என்றான். அச்சகத்துக்கு அவனே கொண்டுபோனான்.