மறைந்த கல்வியும் மறையாத கடமையும்

 

சென்ற சுருத பஞ்சமியன்று எங்கள் ஊர் ஜினாலயத்தில் சாத்திர பூசை நிறைவுற்று அனைவரும் கலைந்துகொண்டிருந்தனர். அப்பொழுது ஓர் இளந்தாய் என்னருகில் வந்து அமர்ந்தார். "டீச்சர், என் மகன் 2020-இல் முதல் வகுப்பில் சேர்ந்தவன். பள்ளியின் வாசலையே காணாமல் அவனுக்கு அந்த வகுப்பு முடிந்துவிட்டது. இன்று நடுநிலை வகுப்புக்கு வந்துவிட்டான். ஆனால் ஒரு பக்கத்தைத் தடுமாறாமல் வாசிக்க அவனால் இயலவில்லை. போன நாள்கள் போனவைதாமா? அவன் கல்வி அழிந்தே போயிற்றா?" என்று கேட்டார். கேட்கும்போதே அவர் கண்கள் கலங்கிவிட்டன.

அவருக்கு அன்று நான் கூறிய விடையையும், கூற நா எழாமல் விட்டுவிட்ட ஒரு செய்தியையும் இன்று உங்கள் அனைவர் முன்னும் வைக்க விரும்புகிறேன்.

2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் கொரோனா தொற்றின் காரணமாக நம் மாநிலத்துப் பள்ளிகள் மூடப்பட்டதை நாம் மறக்கவில்லை. இடையில் பெரிய வகுப்புகள் சில காலம் திறக்கப்பட்டன; மீண்டும் மூடப்பட்டன. ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகளோ 2021 நவம்பர் முதல் நாளன்றுதான் திறக்கப்பட்டன. ஏறத்தாழ 19 மாதங்கள் குழந்தைகள் வீட்டிலேயே இருந்தனர். அந்நாள்களில் பெற்றோர் பட்ட துன்பம் ஒன்றா, இரண்டா? வீட்டில் இருப்பதோ ஒரே கைபேசி, பிள்ளைகளோ இருவர். மூத்தவன் பாடம் கேட்டால் இளையவள் பாடம் இல்லை. தந்தைக்கு வருவாய் குன்றியது. தாய்க்கு அடுப்படியும் பாடப்புத்தகமும் ஒருங்கே வந்து சேர்ந்தன. கல்வித் தொலைக்காட்சியைப் பார் என்று அமர்த்தினால் பிள்ளை உறங்கினான். பள்ளியைத் திறக்கவில்லையே என்று ஒரு கவலை. திறந்தால் நோய் வந்துவிடுமே என்று மற்றொரு கவலை. இவ்விரண்டுக்கும் நடுவே பெற்றோர் உள்ளம் ஊசலாடியது.

இக்கவலைகளுள் பல நோயோடு நீங்கிவிட்டன. இன்னும் நீங்காமல் நிற்பது அந்த இளந்தாய் கேட்ட கேள்வி ஒன்றே. அதற்கு நம் ஆகமம் தரும் விடை என்ன?

ஆன்மாவைப் பற்றியுள்ள வினைகள் எட்டு என்று நம் ஆசாரியர்கள் வகுத்தனர். அவற்றுள் முதலாவதாக வைக்கப்பட்டது ஞானாவரணீயம். ஆவரணம் என்றால் மூடுதல், மறைத்தல் என்று பொருள். ஞானத்தை அழிக்கும் வினை என்று அதற்குப் பெயர் வைக்கவில்லை; மறைக்கும் வினை என்றே பெயர் வைத்தனர். ஏன்? அறிவு ஆன்மாவின் இயற்கைக் குணம். வெப்பத்தை நெருப்பிலிருந்து பிரிக்க இயலாதது போல அறிவை உயிரிலிருந்து பிரிக்க இயலாது. திருமுகத்தின் மேல் போர்த்திய துணி முகத்தைக் காணவொட்டாமல் செய்கிறது. ஆனால் முகம் அத்துணிக்குப் பின்னால் குறைவின்றி இருக்கிறது. இந்த வினைக்கு நம் நூல்கள் காட்டும் உவமை இதுவே.

ஆகவே, தாயே! உன் மகனுடைய கல்வி அழியவில்லை, மறைக்கப்பட்டிருக்கிறது. துணி கனமாக இருக்கலாம். எனினும் விலக்கக் கூடியதே.

இது வெறும் ஆறுதல் மொழி அன்று. நாடெங்கும் ஊரகப் பகுதிகளில் குழந்தைகளின் வாசிப்புத் திறனைச் சோதிக்கும் 'அசர்' ஆய்வு ஒன்று உண்டு. மூன்றாம் வகுப்புக் குழந்தைகளுள் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கக் கூடியவர்கள் 2018-இல் நூற்றுக்கு 27.3 பேர் என்று அது கண்டது. பள்ளிகள் மூடிக் கிடந்த பின் 2022-இல் அது 20.5 ஆகச் சரிந்தது. 2024-இல் மீண்டும் 27.1 ஆக உயர்ந்தது. மூடிய திரை விலகுகிறது என்பதற்கு இது சான்று. ஆனால் அது தானே விலகவில்லை. எத்தனையோ கைகள் அதனை விலக்கின. நூற்றுக்கு 27 என்பதும் நாம் மகிழ்ந்திருக்கத் தக்க நிலையன்று. எல்லாப் பிள்ளைகளுக்கும் திரை ஒன்றுபோல விலகிவிடவும் இல்லை. அவ்வாறு விலகாத பிள்ளைகளுள் ஒருவன்தான் அந்தத் தாயின் மகன்.

கல்வி மறைந்துவிடுமோ என்னும் அச்சம் நமக்குப் புதியதும் அன்று. நாம் சுருத பஞ்சமி கொண்டாடுவதே அத்தகைய ஓர் அச்சத்திலிருந்து பிறந்த நன்மைக்காகத்தான். சௌராட்டிர நாட்டுக் கிரிநகரத்துச் சந்திரக் குகையில் முதுமை எய்தியிருந்த தரசேனாசாரியர், தம்மோடு ஆகம அறிவு மறைந்துபோகுமே என்று கவன்றார். தென்னாட்டு முனிவர்களுக்கு ஓலை அனுப்பினார். அங்கிருந்து இரு முனிவர்கள் வந்தனர். வந்தவர்களை அவர் எவ்வாறு சோதித்தார் என்பதை ஆசிரியப் பயிற்சி பெற்றவள் என்ற முறையில் நான் பலமுறை எண்ணி வியந்திருக்கிறேன். ஒருவருக்கு ஓரெழுத்து மிகுந்த மந்திரத்தையும், மற்றவருக்கு ஓரெழுத்துக் குறைந்த மந்திரத்தையும் கொடுத்து ஓதச் சொன்னார். ஒருவருக்குப் பல் நீண்ட தேவதையும் மற்றவருக்கு ஒற்றைக்கண் தேவதையும் தோன்றின. தேவதையின் இயல்பு இதுவன்றே என்று எண்ணிய இருவரும், தாமே பிழையைக் கண்டு எழுத்தைத் திருத்தி மீண்டும் ஓதினர். தேவதைகள் தத்தம் இயல்பான வடிவில் தோன்றின. அதன் பின்னரே ஆசாரியர் பாடம் தொடங்கினார்.

பிழை நேர்ந்தபோது அவர் சினந்துகொள்ளவில்லை என்பதைக் கவனியுங்கள். பிழையைத் தாமே காணும் வாய்ப்பை மாணாக்கருக்கு அளித்துவிட்டுக் காத்திருந்தார். பாடம் முடிந்ததும் அவ்விருவரும் விடைபெற்று, அங்குலேசுவரத்தில் மழைக்காலத்தைக் கழித்தனர். மழைக்காலத்தில் சிற்றுயிர்கள் பெருகுவதால் அவற்றுக்குத் தீங்கு நேராதிருக்க நம் முனிவர்கள் நடமாட்டத்தை ஒடுக்கி ஓரிடத்தில் தங்குவதை நாம் அறிவோம். நம் வீடுகளில் நாம் அடங்கியிருந்த அந்த மாதங்களையும் அவ்வாறே எண்ணிப் பாருங்கள். நம்மால் பிறருக்கு நோய் பரவாதிருக்க நாமும் நம் பிள்ளைகளும் ஒடுங்கியிருந்தோம். அதுவும் ஒருவகை அபய தானமே. அந்நாள்கள் முற்றும் வீண் என்று பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள். "நீ வீட்டிலிருந்ததால் சில முதியோர் உயிர் பிழைத்தனர்" என்று சொல்லுங்கள். அம்முதியோருள் நானும் ஒருத்தியாக இருக்கலாம்.

பின்னர் அம்முனிவருள் ஒருவரான பூதபலி திராவிட நாட்டுக்கு வந்தார் என்று தவளா என்னும் உரை கூறுகிறது. மற்றவரான புட்பதந்தர் தொடங்கி அனுப்பிய நூலை இவர் முடித்தார். ஏட்டில் ஏறிய அந்த ஆகமத்திற்குப் பூசை செய்த நாளே சுருத பஞ்சமி. மறைய இருந்த அறிவு காக்கப்பட்ட வரலாற்றில் நம் தமிழ் மண்ணுக்கும் பங்கு உண்டு.

இனி, அன்று நான் கூறாமல் விட்ட செய்திக்கு வருகிறேன்.

ஞானத்தை மறைக்கும் வினை எதனால் வந்து சேர்கிறது என்பதைத் தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயம் விளக்குகிறது. அறிவின்மேல் வெறுப்புக் கொள்ளுதல், அறிந்ததை ஒளித்தல், பிறர் அறிந்துவிடுவரே என்று பொறாமையால் கற்பிக்க மறுத்தல், பிறர் கற்பதைத் தடுத்தல், கற்பிப்பதை மதியாது விலக்குதல், மெய்யறிவைப் பழித்தல் ஆகியனவாம். இந்த ஆறனையும் எத்தனையோ முறை பிறருக்கு எடுத்துக் கூறியவள் நான்.

2020ஆம் ஆண்டு ஊரடங்கின்போது என் மகன் குடும்பத்தோடு எங்கள் ஊருக்கு வந்திருந்தான். பேரனுக்கு இணையவழி வகுப்பு. திண்ணையில் அமர்ந்து கைபேசியில் பாடம் கேட்பான். எங்கள் நிலத்தில் வேலை செய்யும் பெண்ணின் மகள் அப்போது இரண்டாம் வகுப்பு. அவர்கள் வீட்டில் அத்தகைய கைபேசி இல்லை. அச்சிறுமி துண்டால் வாயை மூடிக்கொண்டு தூண் ஓரமாக வந்து நிற்பாள். ஒருநாள் நான் அவளைப் போகச் சொன்னேன். "டீச்சரம்மா, நான் ஒண்ணும் பேச மாட்டேன். நின்னு பாத்துட்டுப் போறேன்" என்றாள். "நோய்க் காலம் அம்மா, வீட்டுக்குப் போ" என்றேன். அவள் போய்விட்டாள்; மறுபடி வரவில்லை.

நோயை எண்ணித்தான் அவ்வாறு சொன்னேன் என்று நெடுநாள் என்னையே நான் தேற்றிக்கொண்டேன். ஆனால் அதே திண்ணையில் என் பேரன் பக்கத்தில் எங்கள் உறவினர் வீட்டுப் பிள்ளை ஒருவன் அன்றும் அமர்ந்திருந்தான். அவனை நான் போகச் சொல்லவில்லை. அன்பர்களே, அது நோய் அச்சம் அன்று. 33 ஆண்டுகள் கரும்பலகையின் முன் நின்றவள், கற்க வந்த ஒரு குழந்தைக்குத் தடையாக நின்றேன்.

2021 நவம்பரில் பள்ளி திறந்தபோது அச்சிறுமி மூன்றாம் வகுப்பில் இருந்தாள். அவள் தாய் ஏதோ படிவம் நிரப்ப என்னிடம் அழைத்து வந்தாள். பெயரை நீயே எழுது கண்ணே என்றேன். முதல் எழுத்தை எழுதிவிட்டு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். அடுத்த எழுத்து அவளுக்குத் தெரியவில்லை. அந்தப் பார்வையில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. அதனாலேயே என்னால் அதைத் தாங்க இயலவில்லை. மறுநாள் மாலை முதல் அதே திண்ணையில் அவளை அமர்த்தி அகரத்திலிருந்து தொடங்கினேன். இரண்டாம் நாள் அவளோடு மூவர் வந்தனர். ஓராண்டுக்குப் பின் அவள் கதைப்புத்தகம் வாசித்தாள். இன்று பக்கத்து ஊர்ப் பள்ளிக்குச் சைக்கிளில் செல்கிறாள். இதனைத் தானம் என்று எவரும் புகழ வேண்டா. இது என் பிராயச்சித்தம்.

இந்த அனுபவத்திலிருந்து பெற்றோர்க்குச் சில சொல்வேன்.

முதலாவது, உங்கள் பிள்ளை எந்த வகுப்பில் இருக்கிறான் என்று பாராதீர்கள். எந்த இடத்தில் நிற்கிறான் என்று பாருங்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளை இரண்டாம் வகுப்புப் பாடத்தில் தடுமாறினால், இரண்டாம் வகுப்பிலிருந்தே தொடங்குங்கள். அதில் இழிவு ஏதுமில்லை.

இரண்டாவது, நாள்தோறும் கால்மணி நேரம் அவன் வாய்விட்டு வாசிக்க, அருகில் அமர்ந்து கேளுங்கள். பிழை நேர்ந்தவுடன் குறுக்கிடாதீர்கள். தரசேனாசாரியரைப் போலக் காத்திருங்கள். அந்தக் கால்மணி நேரம் உங்கள் கைபேசியும் ஓய்வெடுக்கட்டும். பொறிகளை அடக்குக என்று பிள்ளைக்கு உபதேசிக்கும் தகுதி அப்போதுதான் நமக்கு வரும்.

மூன்றாவது, உறவினர் முன் அவனை "கொரோனாவில் படித்தவன்" என்று நகையாடாதீர்கள். பிறர் நகையாடவும் விடாதீர்கள். இகழ்ச்சி, மூடிய துணியின் மேல் மற்றொரு துணியைப் போர்த்துவதாகும்.

நான்காவது, உங்கள் பிள்ளைக்குக் கற்பிக்கும்போது பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் அமர்த்திக்கொள்ளுங்கள். அவன் எக்குலத்தவன், எச்சமயத்தவன் என்று கேளாதீர்கள். ஆகாரம், ஔடதம், அபயம், சாத்திரம் என்னும் நான்கு தானங்களுள் சாத்திர தானம் மட்டும் கொடுக்கக் கொடுக்கக் கொடுப்பவரிடமும் வளர்வது.

2021 அக்டோபர் 27-இல் விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் பகுதியில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கப்பட்டபோது, எத்தனையோ இளம் பெண்கள் தத்தம் தெருப் பிள்ளைகளுக்கு மாலை நேரங்களில் கற்பிக்க முன்வந்தனர். அவர்களைக் கண்டபோது வந்தவாசிக்கு அருகிலுள்ள வேடல் என் நினைவுக்கு வந்தது. 9ஆம் நூற்றாண்டில் ஆதித்த சோழர் காலத்தில் அங்கே கனகவீரக் குரத்தியார் என்னும் பெண் துறவி 500 மாணாக்கரோடு வாழ்ந்தார் என்றும், அவர்களுக்கு இடையூறு நேர்ந்தபோது காத்து உணவளிக்கும் பொறுப்பை ஊரார் ஏற்றனர் என்றும் கல்வெட்டுக் கூறுகிறது. ஆசிரியர் கற்பித்தார், ஊர் காத்தது. சமண முனிவர்கள் உறைந்து அறம் உரைத்த இடத்திற்குப் பள்ளி என்று பெயர். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகப் பள்ளியைக் காத்த மரபு நம்முடையது. பள்ளிக் கதவு மூடப்பட்டால் ஒவ்வொரு திண்ணையும் பள்ளியாக வேண்டாவா? நம் ஜினாலயங்களில் மாலை விளக்கேற்றிய பின் ஒரு மணி நேரம், ஓய்வு பெற்ற நம்மில் ஒருவர் ஊர்ப் பிள்ளைகளோடு அமர்ந்தால் எவ்வளவு நன்மை விளையும்!

அந்த இளந்தாய்க்கு இப்பொழுது முழு விடை சொல்கிறேன். போன நாள்கள் திரும்பா. ஆனால் உன் மகனுடைய அறிவு எங்கும் போகவில்லை. அது அவனுள்ளே காத்திருக்கிறது. நாளை மாலை அவனை என் திண்ணைக்கு அழைத்து வா. அங்கே ஏற்கெனவே நால்வர் இருக்கின்றனர். ஐந்தாமவனுக்கும் இடம் உண்டு.

எல்லா உயிர்களும் அறிவொளி பெறுக! வாழ்க ஜினதர்மம்!