வாக்கு எனும் அமானிதம்

“யாருக்குப் போட்டு என்ன, கடைசியில் கூட்டணிப் பேரம்தானே!” என்ற சலிப்பு கோட்டக்குப்பத்துக்கும் புதிதல்ல. இவ்வூர் அடங்கிய விழுப்புரம் மக்களவைத் தொகுதியில் ரவிக்குமார் 2019இல் கூட்டணித் தலைமைக் கட்சியின் உதயசூரியன் சின்னத்திலும் 2024இல் தன் கட்சியின் பானைச் சின்னத்திலும் நின்று வென்றார். சின்னத்தையே கூட்டணி தீர்மானிக்கும்போது, என் வாக்கின் விளைவுக்கு நான் பொறுப்பாளியா? ஆம் என்பதே என் முடிவு. ஒப்படைக்கப்பட்ட அமானிதத்தை உரியவரிடம் சேர்ப்பதைக் கடமையாக்குகிறது இஸ்லாம். வாக்கும் அத்தகையதே. முடிவு நம் கையில் இல்லை என்பதால் கடமை நீங்கிவிடாது. 1999 ஏப்ரல் 17 அன்று 269க்கு 270 என ஒரே வாக்கில் வாஜ்பாய் அரசு கவிழ்ந்தது. 2024இல் பெரும்பான்மைக்கு 272 தேவைப்பட, பாஜக 240இல் நின்று தோழமைக் கட்சிகளை நாடியது. ஒவ்வொரு தொகுதிக்கும் அங்கே எடை இருந்தது.

நோட்டா போதாதா என்பார்கள். அது அதிருப்தியைப் பதிவு செய்யும். ஆனால் முதலிடம் பிடித்தாலும் அடுத்த வேட்பாளரே வெல்வார். பதவிப் பேரத்தை ஆலோசனை என்று புனிதப்படுத்தலாமா என்பது இன்னும் வலுவான மறுப்பு. கூடாதுதான். ‘ஷூரா’ (கலந்தாலோசனை) என்ற பெயரில் குர்ஆனில் ஓர் அத்தியாயமே உண்டு. கலந்து முடிவெடுப்பதை அது இறைநம்பிக்கையாளரின் பண்பாகச் சொல்கிறது. அந்த அளவுகோலில், கதவடைத்துப் பேசும் பங்கீடு தோற்கும். 2004இல் கூட்டணி அரசின் குறைந்தபட்சப் பொதுச் செயல்திட்டம் தேர்தலுக்குப் பிறகே வந்தது. அத்தகைய திட்டத்தை வாக்களிக்கும் முன்பே கேட்டுப் பெறுவதும், பின்பு கணக்குக் கேட்பதும் அமானிதத்தின் பாதிப் பகுதி. சலித்து ஒதுங்குபவர் அதைப் பேரம் பேசுவோரிடமே விட்டுவிடுகிறார்.