பாடு

தவக்காலம், வெள்ளி மாலை.

காமநாயக்கன்பட்டிக்குப் பக்கத்து ஊரில் சிறிய கோயில். வீரமாமுனிவர் நடந்து திரிந்த மண். சிலுவைப்பாதைக்கு வந்தவர்களில் பாதிப்பேர் பருத்திக்காட்டிலிருந்து நேரே வந்த பெண்கள். முழந்தாளிட்டபோது பக்கத்து அம்மாவின் கை கண்ணில் பட்டது. நகக்கண்ணைச் சுற்றிக் கீறல்கள். வெடித்த காயின் ஓடு காய்ந்தால் முனை ஊசி மாதிரி நிற்கும். சுளை எடுக்கிற விரலைக் குத்தும்.

*

கிறிஸ்துவின் துன்பத்தைப் ‘பாடுகள்’ என்கிறோம். சிலுவையில் தொங்கும் உருவத்துக்குப் ‘பாடுபட்ட சுரூபம்’ என்று பேர். கரிசலில் பாடுபடுவது என்றால் உழைப்பதும்தான். மழை பொய்த்த வருசம் ‘இவ்வளவு பாடுபட்டும் ஒண்ணும் மிஞ்சலையே’ என்கிறவர் உழைப்பைச் சொல்கிறாரா, வலியைச் சொல்கிறாரா? அவருக்கு இரண்டும் ஒன்று.

*

கிறிஸ்து ஏன் பாடுபட்டார்? 11ஆம் நூற்றாண்டின் கடைசியில் இறையியலாளர் ஆன்செல்ம் எழுதினார்: பாவம், மனிதன் கடவுளுக்குப் பட்ட கடன். அவனால் அடைக்க முடியாது. கிறிஸ்து அடைத்தார். அடுத்த தலைமுறையில் அபெலார் அதை மறுத்தார். குற்றமில்லாதவனின் இரத்தத்தைக் கேட்டு மனமிறங்குபவரா கடவுள்? சிலுவையில் தெரிகிற அன்புதான் மனிதனைத் திருப்புகிறது என்றார்.

புத்தகத்தை வைத்துக்கொண்டு யோசித்தால் அபெலார் பக்கம்தான் சாய்கிறேன். ஊருக்குள் வந்தால் அப்படி முடியவில்லை. விதைக்கும் உரத்துக்கும் கம்மலை அடகு வைத்து, வட்டி கட்டிக் கட்டி, ஒருநாள் அதைத் திருப்பிக் காதில் போட்டுக்கொள்ளும் பெண்ணுக்கு ‘மீட்பு’ என்ற சொல்லை யாரும் விளக்க வேண்டாம். வேதத்துக்கு வருமுன்பே அது அடகுக்கடையில் இருந்த சொல்.

*

பெரிய வெள்ளி. ஒருசந்தி. கோயிலில் மணி இல்லை, மரக்கட்டைச் சத்தம்தான்.

சி.எஸ்.ஐ. சபை நண்பர்கள் மதியம் 12 முதல் 3 வரை, சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளைத் தியானிக்கிறார்கள். ஐந்தாவது, தாகம். யோவானின் கிரேக்க மூலத்தில் அது ஒரே சொல். ஆன்மாக்கள்மேல் கொண்ட தாகம் என்று பிரசங்கத்தில் விரிப்பார்கள். எனக்கு அது வேண்டியதில்லை. உச்சிவெயில், இரத்தம் வடிந்த உடம்பு, தண்ணீர்த் தாகம்; அவ்வளவுதான். வார்த்தை மாம்சமானது என்று முதல் அதிகாரத்திலேயே சொல்கிற நூல் அதே யோவானுடையது. மாம்சத்துக்குத் தாகம் எடுக்கும்.

எங்கள் கோயிலில் வழிபாடு முடிந்தது. அன்று சிலுவைப்பாதையில் பக்கத்தில் முழந்தாளிட்ட அந்த அம்மா திண்ணையில் உட்கார்ந்து ஒரு செம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்தார். நாளைக்கு இரண்டாம் எடுப்பு, விடியுமுன் போகணும் என்றார்.