கத்தரிக்கோலும் மானமும்

உழைப்பு எதுவாயினும் அது மதிக்கத்தக்கதே என்பது மேடைகளில் அடிக்கடி கேட்கும் கூற்றாகும். கேட்போர் எவரும் அதனை மறுப்பதில்லை. வீடு திரும்பிய பின் அதன்படி ஒழுகுவோரோ மிகச் சிலர். இம்முரண்பாட்டைச் சோதித்துப் பார்ப்பதற்குத் தலைமயிரைத் தொடும் தொழிலைப் போல ஏற்றதொரு தொழில் தமிழ்ச் சமூகத்தில் வேறில்லை எனலாம்.

இன்று யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் கொழும்பிலும் சிகையலங்காரமும் அழகுக்கலையும் பயில இளம் பெண்கள் பலர் முன்வருகின்றனர். தேசிய தொழிற்றகைமையின் ஏழு மட்டங்கள் கொண்ட ஒழுங்கில் அவர்கள் சான்றிதழ் பெறுகின்றனர். சாதிப்பெருமை பேசும் குடும்பங்களும் மகளின் அழகுக்கலை நிலையத்தை மங்கல விளக்கேற்றித் திறந்து வைக்கின்றன. அதே ஊரில், தலைமுறை தலைமுறையாகச் சவரத் தொழில் செய்துவந்த குடும்பத்தின் இளைஞன் தந்தையின் தொழிலை வெளியே சொல்லக் கூசுகிறான். மயிர் வெட்டுதல், முகம் துடைத்தல், நகம் களைதல், பாதம் கழுவுதல் என இரண்டிடத்தும் செய்யப்படும் செயல்கள் ஒன்றே. ஓரிடத்தில் அவை கலையாகின்றன; மற்றோரிடத்தில் இழிவாகின்றன. அவ்வாறாயின் ஒரு தொழிலின் மானம் எங்கே உறைகிறது? இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொடப்படும் பொருளே இழிவுக்குக் காரணம் என்பது மரபு கூறும் விடையாகும். தலையில் உள்ளவரை கூந்தல் அழகின் உறைவிடம். புலவர் அதனை மேகத்துக்கு ஒப்பிடுவர். நிலத்தில் விழுந்த கணத்தில் அது தீட்டாகிறது; சோற்றில் ஓரிழை கிடந்தாலும் உண்பவன் இலையை விட்டு எழுவான். ஒரே பொருள் நொடிப்பொழுதில் தன் இயல்பை மாற்றிக்கொள்வதில்லை. மாறுவது அதன் இடமே. மானிடவியலாளர் மேரி டக்ளஸ் 1966ஆம் ஆண்டு வெளியிட்ட 'தூய்மையும் ஆபத்தும்' என்னும் நூலில், அழுக்கு என்பது இடம் மாறிக் கிடக்கும் பொருளே என விளக்கினார். ஒழுங்கு ஒன்றை வகுத்துக்கொண்ட சமூகமே அவ்வொழுங்குக்குப் புறம்பானதை அழுக்கென்கிறது. ஆகவே தீட்டு மயிரில் இல்லை. அது மனிதரின் வகுப்பில் உள்ளது. மயிர் விழுவதற்குக் காரணமான கையையும் அச்சமூகம் அதே வகுப்பில் அடைத்துவிட்டது. இன்றும் சினங்கொண்டவன் வாயில் மயிர் என்ற சொல்லும் அத்தொழிலாளரின் சாதிப்பெயரும் வசையாக வருவது இவ்வடைப்பின் எச்சமேயாகும்.

தொடும் பொருளே இழிவைத் தருமெனின் குருதியைத் தொடும் மருத்துவன் அதனினும் இழிந்தவனாதல் வேண்டும். பழைய ஐரோப்பாவில் சவரம் செய்த கையே இரண சிகிச்சையும் செய்தது. 1540இல் எட்டாம் ஹென்றி மன்னனின் காலத்தில் இலண்டனில் நாவிதரும் அறுவை மருத்துவரும் ஒரே சங்கமாக இணைக்கப்பட்டனர். 1745இல் அவர்கள் பிரிந்தனர். பிரான்சின் புகழ்பெற்ற இரண வைத்தியர் அம்புறுவாஸ் பாரே நாவிதத் தொழில் வழியாகவே மருத்துவத்துக்கு வந்தவர். தமிழிலும் பரியாரி என்ற சொல் வைத்தியனையும் சவரத் தொழிலாளியையும் ஒருங்கே குறித்தது. அக்குடும்பத்துப் பெண்களே பிரசவம் பார்க்கும் மருத்துவச்சிகளாயும் இருந்தனர். ஒரே கையின் ஒரு வேலை கல்லூரி ஏறிக் கௌரவம் பெற்றது. மற்றது முற்றத்திலேயே நின்றுவிட்டது. இவ்வேறுபாட்டைத் தொட்ட பொருளைக் கொண்டு விளக்க முடியாது.

இரண்டாவது விடை சமூக உறவில் தேடப்பட வேண்டியதாகும். அடம் சிமித் 1776இல் வெளியிட்ட 'நாடுகளின் செல்வம்' என்ற நூலில், மனிதர் வெறுக்கும் தொழிலுக்குக் கூலி உயர்ந்திருக்கும் என வாதித்தார். தூக்கிலிடுபவன் செய்யும் வேலையின் அளவுக்கு அதிகமான கூலி பெறுவதை அவர் எடுத்துக்காட்டினார். யாழ்ப்பாணத்துக் குடிமை முறையில் இவ்விதி பொய்த்தது. சவரத் தொழிலாளி குறித்த வீடுகளுக்கு உரியவனாக்கப்பட்டான். பிறப்பிலும் திருமணத்திலும் மரணத்திலும் அவன் இல்லாமற் சடங்கு நிறைவேறாது. ஆயினும் அவனுக்குக் கிடைத்தது நெல்லும் அரிசியும் வீட்டாரின் தயவுமே. இழிவு அதிகம், கூலி குறைவு. இதன் காரணம் வெளிப்படையானது. சிமித்தின் விதி, தொழிலை விட்டு விலகும் உரிமை தொழிலாளிக்கு உண்டு என்ற எடுகோளின் மேல் நிற்கிறது. விலக முடியாதவனுக்கு விலை பேசவும் முடியாது. ஆகவே இழிவின் வேர் மயிரில் அன்று, வாயிலடைப்பிலேயே உள்ளது.

இக்கருத்தை நகரத்துச் சலூனின் வரலாறு உறுதிசெய்கிறது. குடிமை முறையில் தொழிலாளி வீடு தேடிச் சென்று கொல்லைப்புறத்தில் நின்றான். சலூனிலோ வாடிக்கையாளன் தொழிலாளியின் கடைக்கு வந்து, அவனது நாற்காலியில் அமர்ந்து, சுவரில் எழுதிய கூலியைக் கொடுக்க வேண்டியவனானான். யார் யாரைத் தேடி நடக்கிறார் என்பது மாறியபோது மானத்தின் திசையும் சிறிது மாறியது. யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியிலிருந்த ஜோசப் சலூனில் தொழில் செய்தவாறே டொமினிக் ஜீவா எழுத்தாளரானார். அவரது 'தண்ணீரும் கண்ணீரும்' சிறுகதைத் தொகுதி 1961இல் சாகித்திய மண்டலப் பரிசு பெற்றது. 1966இல் அவர் தொடங்கிய 'மல்லிகை' நான்கு தசாப்தங்களுக்கு மேல் வெளிவந்தது. 2021இல் மறையும்வரை அவர் தம் தொழிலை ஒளித்தவரல்லர். அவரது வாழ்வு தொழிலைத் துறந்து மானம் பெற்ற கதையன்று. தொழிலில் நின்றுகொண்டே மானத்தைக் கோரிய கதையாகும்.

ஆயினும் தொழிலாளியின் மானம் மட்டுமே இவ்விடத்துப் பிரச்சினை அன்று. காந்தியடிகள் தம் சுயசரிதையிற் கூறும் நிகழ்ச்சியொன்று மனங்கொள்ளத்தக்கது. தென்னாபிரிக்காவின் பிரிற்றோரியாவில் ஆங்கில நாவிதன் ஒருவன் அவருக்கு முடிவெட்ட மறுத்தான். அவர் கருவி வாங்கித் தாமே வெட்டிக்கொண்டார்; நீதிமன்ற நண்பர்கள் நகைத்தனர். பின்னர் சிந்தித்த அவர், அந்நாவிதன் மேற் குற்றமில்லை எனக் கண்டார். கறுப்பருக்கு முடிவெட்டினால் அவன் தன் வாடிக்கையாளரை இழப்பான். தாயகத்தில் இந்தியரும் தம் நாவிதரைத் தீண்டப்படாதாருக்குத் தொண்டுசெய்ய விடுவதில்லை அல்லவா? யாழ்ப்பாணத்திலும் இதே நிலையே நிலவியது. தமக்குக் கீழானோர் எனப்பட்டோருக்குச் சவரம் செய்யலாகாதென, ஒடுக்கப்பட்ட தொழிலாளியே தடுக்கப்பட்டான். அவனது கத்தியைக் கொண்டே மற்றொருவனின் மானம் வெட்டப்பட்டது. சாதிவழிச் சமூகக் குறைபாடுகளைச் சுமத்துவதைக் குற்றமாக்கும் சட்டம் 1957இல் இந்நாட்டில் நிறைவேறியது. எனினும் எந்தத் தலையையும் வேறுபாடின்றித் தொடும் உரிமை தொழிலாளிக்கு உறுதியாகும்போதே அத்தொழில் முழு மானமுடையதாகும்.

இத்தொழிலிற் புதிதாகப் புகுவோரின் நிலையை இனி நோக்குவோம். தாமாக விரும்பிப் புகுதல் மானத்துக்கு அவசியமான நிபந்தனை. ஆனால் அது மட்டும் போதுமானதன்று. வறுமையாற் புகுந்த பெண், தரையில் விழுந்த மயிரைக் கூட்டியும் துவாய் துவைத்தும் குறைந்த சம்பளத்தில் உதவியாளாகக் காலங்கழிப்பாளாயின், பழைய குடிமை புதிய பெயரில் தொடர்கிறது எனலே பொருந்தும். அடுத்து, அவளது கல்வி கல்வியாக ஏற்கப்பட வேண்டும். குலத்தொழில் கற்பிக்காமலே கைவரும் என்ற நம்பிக்கை புகழுரை போலத் தோன்றினும் உண்மையில் அவமதிப்பேயாகும். தந்தையின் அருகில் ஆண்டுக்கணக்காக நின்று கண்ணாலும் கையாலும் ஒருவன் கற்றதை அது இரத்தத்தின் கணக்கில் எழுதிவிடுகிறது. முன்னர் கற்றதை மதிப்பிட்டு அங்கீகரிக்கும் வழியொன்று தொழிற்றகைமை ஒழுங்கில் உள்ளது. வகுப்பறை காணாத பரம்பரைத் தொழிலாளியும் அவ்வழியாகச் சான்றிதழ் பெறலாம். அச்சான்றிதழ் வருமானத்துக்கான தாள் மட்டுமன்று. இரத்தத்தின் கணக்கிலிருந்து உழைப்பின் கணக்குக்கு ஒரு திறமையை மாற்றி எழுதும் பத்திரமுமாகும்.

உரிமைகளைப் பேசும்போது கடமையும் பேசப்பட வேண்டும். அழகுத் தொழில் இரண்டு பொருள்களை விற்க வல்லது. ஒன்று பேணுதல், மற்றது வெட்கம். பேணுதல் என்பது வந்தவரின் தலையையும் தோலையும் அக்கறையோடு கையாளுதல். வெட்கம் விற்றலோ கரிய நிறத்தைக் குறையென முதலில் நம்பவைத்துப் பின்னர் அதற்கு மருந்து கொடுத்தல். வெண்மை தரும் களிம்புகள் சிலவற்றில் பாதரசம் கலந்திருந்தமையாலேயே 2013ஆம் ஆண்டின் மினமாட்டா உடன்படிக்கை அத்தகைய பொருள்களை ஒழிக்க முற்பட்டது. மயிரை நேராக்கும் கலவைகள் சிலவற்றிலிருந்து எழும் போமல்டிகைட்டு ஆவி புற்றுநோய்க்கு ஏதுவானது. அதனை நாள்தோறும் சுவாசிப்பவள் தொழிலாளியே. பிறப்பால் ஒருவரைத் தாழ்த்துவது அநீதியெனின், நிறத்தால் ஒருவரைத் தாழ்த்திப் பணம் பெறுவதும் அநீதியே. சாதியின் இழிவிலிருந்து மீண்ட தொழில், நிறத்தின் இழிவைப் பரப்பும் தொழிலாகிவிடின் மீட்சி பாதியிலேயே நின்றுவிடும். வாடிக்கையாளர் கேட்பதையே கொடுக்கிறோம் என்ற சமாதானம் இங்கு செல்லாது. பிரிற்றோரியாவின் நாவிதனும் தன் வாடிக்கையாளரின் விருப்பத்துக்கே அஞ்சினான்.

பௌத்த மரபு உபாலியின் வரலாற்றைப் பேணி வைத்துள்ளது. சாக்கிய இளவரசர்கள் துறவு பூண வந்தபோது, தங்கள் நாவிதனான உபாலிக்கே முதலில் துறவளிக்குமாறு புத்தரை வேண்டினர். முன்னர் துறந்தவனைப் பின்னர் துறந்தோர் வணங்குதல் வேண்டும். தம் குலச்செருக்கு அவ்வாறே அடங்கும் என அவர்கள் கருதினர். முதலாம் சங்கத்தில் விநயத்தை ஓதியவரும் அவரே. இக்கதையின் அறம் உயர்ந்தது; ஆயினும் அதில் ஓர் எல்லையும் உண்டு. உபாலி வணங்கப்பட்டது கத்தியைக் கீழே வைத்த பின்னரே.

கத்தியைக் கையில் வைத்திருக்கும்போதே ஒருவன் மதிக்கப்படுகின்றானா என்பதே இக்காலம் விடையளிக்க வேண்டிய வினாவாகும். உயர்குடியெனப்பட்ட வீட்டு மகள் அழகுக்கலை நிலையம் திறப்பது வரவேற்கத்தக்கதே. எனினும் அது மட்டும் சாதி ஒழிந்தமைக்குச் சான்றாகாது. தொழில் தன் பழைய மக்களை விட்டு நீங்கித் தூய்மை பெற்றதாகவும் அது பொருள்படக் கூடும். சவரத் தொழிலாளியின் மகன் விரும்பினால் அத்தொழிலை விட்டுப் பல்கலைக்கழகம் வரவும், விரும்பினால் பட்டம் பெற்ற பின்னும் தந்தையின் நாற்காலிக்குப் பின்னால் நிற்கவும், இரண்டிலும் தலை குனியாதிருக்கவும் முடியுமா? முடியும் என்று சொல்லத்தக்க நாளிலேயே மேடைகளிற் பேசப்படும் உழைப்பின் மகத்துவம் வீட்டு முற்றத்திலும் உண்மையாகும்.