தேர்மணியின் நா

2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை நீலகிரிக்குள் வார நாள்களில் நாளொன்றுக்கு 6,000 வண்டிகள், வார இறுதியில் நாளொன்றுக்கு 8,000 வண்டிகள் மட்டுமே நுழையலாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் வரம்பு கட்டியது. வணிகர்கள் கடையடைத்தார்கள். ஒரு தரப்பு பிழைப்பைப் பேசியது. மறுதரப்பு மலையின் தாங்குதிறனைப் பேசியது. நெரிசல், குப்பை, குடிநீர், மண்சரிவு எல்லாம் வாதத்துக்கு வந்தன. இரைச்சலைப் பற்றிய பேச்சுதான் அரிதாக இருந்தது. நுழைவுக்கான இ-பாஸ் வண்டியை எண்ணும்; அதன் ஏர்ஹாரனைக் கேட்காது. பிளாஸ்டிக் பையைக் காட்டில் எறிய இன்று பலர் கூசுகிறார்கள். அதே கூட்டம் காட்டுச் சாலையில் ஹாரனை அலறவிடுகிறது, ரிசார்ட் முற்றத்தில் நள்ளிரவு வரை ஒலிபெருக்கியை முழக்குகிறது. பை கிடந்து கண்ணை உறுத்தும். ஓசை அந்த நொடியே கரைந்துவிடும். தடயம் இல்லை என்பதால் குற்றமும் இல்லை என்றாகிவிடாது. காட்டின் அமைதி அங்கு வாழும் உயிர்களின் உடைமை. அதைக் கலைக்க, பொழுது போக்க வருபவருக்கு எந்த உரிமையும் கிடையாது.

அமைதி என்றால் ஓசையின்மை என்று கொள்வதில்தான் முதல் பிழை. காடு ஊமையல்ல. நன்னனைப் பாடிய பெருங்கௌசிகனார் மலையை ஒரு யானையாகவும், அதில் எழும் பலவகை ஓசைகளை அதன் மதமாகவும் கண்டதால்தான் அந்தப் பாட்டுக்கு மலைபடுகடாம் என்று பெயர். அந்த ஓசை ஒவ்வொன்றுக்கும் பொருள் உண்டு: இணையைத் தேடும் குரல், குட்டியை அழைக்கும் குரல், வேங்கை வருகிறது என்று எச்சரிக்கும் குரல். யானைகள் மனிதக் காதுக்கு எட்டாத தாழ்ந்த ஒலியில் பேசிக்கொள்வதை 1984இல் கேட்டி பெய்ன் கண்டறிந்தார். அந்த உரையாடலின் நடுவே லாரி உறுமுவது, சைகையால் பேசுபவர்கள் நிறைந்த வீட்டில் விளக்கை அணைப்பது போன்றது. பறவைகளை விரட்டுவது சாலையா, புகையா, ஓசையா என்ற ஐயத்தை அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் நடந்த ஓர் ஆய்வு தீர்த்துவைத்தது. சாலையே இல்லாத காட்டில் அரை கிலோமீட்டர் தூரத்துக்கு ஒலிபெருக்கிகளை வைத்து, வண்டிகளின் இரைச்சலை மட்டும் சில நாள் ஒலிக்கவிட்டு, சில நாள் நிறுத்திவைத்தார்கள். ஒலித்த நாள்களில் பறவைகளின் எண்ணிக்கை நான்கில் ஒரு பங்குக்கும் மேல் சரிந்தது. வண்டியும் இல்லை, புகையும் இல்லை. ஓசை ஒன்றே போதுமானதாக இருந்தது.

இந்த அறிவு மேற்கிலிருந்து வரவேண்டிய நிலையில் தமிழ் இல்லை. அகநானூற்றின் நான்காம் பாட்டில் குறுங்குடி மருதனார் காட்டும் தலைவன் கார்காலத்தில் வீடு திரும்புகிறான். காத்திருக்கும் மனைவியிடம் விரைபவனின் அவசரத்தைவிட நியாயமான அவசரம் வேறு எது? ஆனாலும் பூஞ்சோலையில் துணையோடு தேனுண்ணும் வண்டுகள் மிரளுமே என்று தேர்மணிகளின் நாவைக் கட்டிவிடுகிறான். நற்றிணையும் அகநானூறும் சொல்லும் அசுணம் என்னும் உயிரினம் யாழிசையில் மயங்கி நிற்கும்போது பறையொலியால் மாய்க்கப்படும் என்பார்கள் உரைகாரர்கள். அசுணம் கற்பனையாகவே இருக்கட்டும். வன்மையான ஓசை ஓர் ஆயுதம் என்ற அறிவு கற்பனையல்ல. பிற உயிரின் நோவைத் தன் நோவாகக் காணாதவனுக்கு அறிவு இருந்தும் பயனில்லை என்பது இன்னா செய்யாமை அதிகாரத்தில் வள்ளுவர் தரும் தீர்ப்பு. தன் நோவை வாய்விட்டுச் சொல்ல முடியாத உயிரிடத்தில் அந்தத் தீர்ப்பின் கடுமை கூடுமே தவிரக் குறையாது.

சுற்றுலாவை நம்பி ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வாழ்கின்றன என்பது மெய். அதை அலட்சியம் செய்யக் கூடாது. ஆனால் அகநானூற்றுத் தலைவன் தேரை நிறுத்தவில்லை, மணியைத்தான் கட்டினான். ஏர்ஹாரனும் டிஜே மேளாவும் நின்றால் எந்தத் தேநீர்க் கடையும் மூடாது. மலைவாசிகள் காலங்காலமாகக் காட்டில் ஓசை எழுப்பவில்லையா என்றும் கேட்கிறார்கள். தினைப்புனம் காத்த பெண்கள் தட்டை, குளிர் என்னும் கருவிகளை ஒலித்துக் கிளி ஓட்டியது உண்மையே. அது உண்ணும் கதிரைக் காக்க எழுந்த ஓசை. புனத்தின் எல்லையோடு நின்றது, அறுவடையோடு ஓய்ந்தது. தேவையின் ஓசையும் திமிரின் ஓசையும் ஒரே தராசில் ஏறா. விலங்குகள் பழகிவிடும் என்பது இன்னொரு சமாதானம். ஐடஹோவில் இரைச்சலுக்கு நடுவே தங்கிவிட்ட பறவைகளை எடைபோட்டபோது அவற்றின் உடல்நிலை தேய்ந்திருந்தது. இரைச்சலில் பகைவன் வரும் அரவம் காதில் விழாததால் பறவைகள் அடிக்கடி தலைதூக்கிப் பார்ப்பதும் தெரியவந்தது. பார்க்கும் நேரம் இரை தேடும் நேரத்தைத் தின்றது. பழகிவிட்டன என்று நாம் சொல்வது அவை மெலிந்த கதையை.

சட்டத்தில் வழி இல்லாமல் இல்லை. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் அமைதி மண்டலத்துக்குப் பகலில் 50, இரவில் 40 டெசிபல் என எல்லை வகுத்துள்ளன. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றச் சுற்றுப்புறங்களோடு, உரிய அதிகாரி அறிவிக்கும் வேறு இடங்களும் அதில் அடங்கும். முதுமலையையும் சத்தியமங்கலத்தையும் ஊடறுக்கும் சாலைகளை, அவற்றை ஒட்டிய விடுதிகளோடு சேர்த்து அவ்வாறு அறிவிக்க வேண்டியது அரசின் கடமை. ஆனால் ஒவ்வொரு வளைவிலும் காவலரை நிறுத்த முடியாது. அறம் உள்ளிருந்து எழ வேண்டும். எழும் என்பதற்குச் சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுக்குடிப்பட்டி சான்று. வேட்டங்குடிச் சரணாலயத்துக்கு வரும் பறவைகள் அஞ்சும் என்று அந்த ஊர் பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அங்கே ஒரு சிறுவன் ஆண்டெல்லாம் காத்திருந்த வெடியை நாரைக்காக விட்டுக்கொடுக்கிறான். இரண்டு நாள் விடுமுறைக்கு மலையேறும் பெரியவர்கள் ஹாரனிலிருந்து கையை எடுக்க இயலாது என்று சொன்னால், அதைச் சொல்ல நா கூச வேண்டும்.