வளர்ப்பதும் வைத்திருப்பதும்

வெளியே பனி கொட்டும் மாசி மாதத்தில் எமது வரவேற்பறை மூலையில் 26 பாகை வெப்பத்தில் ஒரு சிறு கடல் இருக்கிறது. கடல் என்று சொல்வது எமது ஆசை. வடிகட்டிய தண்ணீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிறாம் உப்புக் கலவையைக் கரைத்து நிரப்பிய கண்ணாடித் தொட்டி அது. கல்லையும் மணலையும் போட்டுவிட்டு ஐந்து கிழமை மீனில்லாத தண்ணீரைக் காவல் காத்தோம். மீன் கழிவின் அமோனியாவை நைத்திரைற்றாகவும், பின் நஞ்சு குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றும் பக்ரீரியாக்கள் அங்கே குடியேற வேண்டும். அதற்குமுன் மீனை விட்டால் செத்துப்போகும்.

வீட்டுக்கு வருகிறவர்கள் தொட்டிக்கு முன்னால் நின்று, "பாவம், இதுகளும் எங்களைப்போலத்தான்" என்கிறார்கள். நாமும் முன்பு தலையாட்டினோம். இப்போது அந்த ஒப்புமை உறுத்துகிறது. நாம் ஓடிவந்தவர்கள். இந்த மீன்கள் பிடித்துவரப்பட்டவை. இந்த விடயத்தில் நாம் நிற்பது மீனின் பக்கத்திலல்ல, வலையின் பக்கத்தில்.

நன்னீர் அலங்கார மீன்களில் பெரும்பாலானவை பண்ணைகளில் பிறக்கின்றன. கடல்மீன்களோ இன்றும் பெரும்பாலும் முருகைக்கற்பாறைகளில் சுழியோடிகளால் பிடிக்கப்படுபவை. ஐக்கிய நாடுகள் சுற்றாடல் அமைப்பின் கண்காணிப்பு நிலையம் 2003 இல் வெளியிட்ட அறிக்கை, ஆண்டுக்கு இரண்டு கோடிக்கும் மேற்பட்ட கடல்மீன்கள் இப்படி விற்பனையாவதாக மதிப்பிட்டது. ஏற்றுமதி செய்யும் நாடுகளில் இலங்கையும் ஒன்று. பிலிப்பைன்சில் 1960களில் சயனைட்டுப் பழக்கம் தொடங்கியது. மீன் மயங்கிக் கைக்கு வரும், முருகைக்கல்லின் உயிரும் சேர்ந்து போகும்.

எம்மிடம் ஒரு துப்புரவு மீன் இருந்தது. விரலளவு, நீல உடல், நீளக் கறுப்புக் கோடு. கடலில் அதற்கு ஒரு தொழில் உண்டு. பெரிய மீன்கள் அதனிடம் வந்து வாயைத் திறந்து நிற்கும். ஒட்டுண்ணிகளை அது பொறுக்கித் தின்னும். எமது நாலு மீன்களில் அதற்கு என்ன வேலை? உறைந்த இறாலைப் போட்டோம். கிட்ட வந்து பார்த்துவிட்டு விலகியது. மெலிந்து மூன்றாம் மாதம் செத்தது. தண்ணீரைச் சோதித்தோம், எல்லா அளவும் சரியாக இருந்தது.

இந்த இன மீன் தன் உடலில் இட்ட அடையாளத்தைக் கண்ணாடியில் கண்டு உரசி நீக்க முயல்வதாக 2019 இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அது தன்னையறிதலா என்பதில் விஞ்ஞானிகளிடையே கருத்து வேறுபாடு உண்டு. அந்த மீன் தன்னை அறிந்திருந்ததோ இல்லையோ, தன் தொழிலை அறிந்திருந்தது. அதை நாம் பறித்தோம்.

"மீன்குழம்பு இல்லாமல் சோறு இறங்காத வாய்க்கு இந்த நியாயம் என்னத்துக்கு?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். கேள்வி சரியானதுதான். பிடிக்கிறவரின் வயிற்றுப்பாட்டையும் அவர் நினைவுபடுத்தினார். அதற்கும் எம்மிடம் முழுப் பதிலில்லை. ஆனால் தின்னும் மீனிடம் நாம் அன்பு கொண்டாடுவதில்லை. தொட்டி மீனிடமோ, எடுத்ததை மறந்து, கவனிப்பதை மட்டும் நினைத்துப் பெருமைப்படுகிறோம். நல்ல கவனிப்பு கடனைக் கட்டுவதுதான், புண்ணியமல்ல.

கொண்டுபோய்க் கடலில் விடவும் முடியாது. தொட்டிகளிலிருந்து விடப்பட்டவை எனக் கருதப்படும் சிங்கமீன்கள் மேற்கு அத்திலாந்திக்கில் பெருகி அங்குள்ள மீன்களைத் தின்று குறைக்கின்றன. ஆகவே இருக்கும் நாலையும் அவற்றின் ஆயுள்வரை பார்ப்பது என்று தீர்மானித்தோம். இனி வாங்கினால் கோமாளி மீன்போலத் தொட்டியிலேயே பிறந்ததைத்தான் வாங்குவோம். அதுவும் முழு விடையல்ல. கடலையே காணாத மீனுக்கு நாம் என்ன கடன்பட்டோம் என்ற கேள்வி அப்போது வரும்.

நேற்றும் ஒருவர் தொட்டிமுன் நின்று அந்த வசனத்தைச் சொன்னார். நாம் தலையாட்டவில்லை. சனிக்கிழமையானபடியால் தண்ணீர் மாற்ற வேண்டியிருந்தது; வாளியைப் பிடிக்கச் சொல்லி அவரிடம் கொடுத்தோம்.